கடிக்கிற பிள்ளையும் களைகளின் உவமையும்

அந்த மழைக்காலத்தில் என் மகளுக்கு ஐந்து வயது. நன்றாகப் பாடுவாள். வசனத்தை ஒருமுறை சொன்னால் போதும், மனப்பாடம் செய்துவிடுவாள். பிறகு, கடிப்பாள். கோபம் வந்தால்தான் என்றில்லை, பிரியம் வந்தாலும் கடிப்பாள். எங்கள் தேயிலை எஸ்டேட் கோவிலின் ஞாயிறு பள்ளியில் அதுவரை மூன்று பிள்ளைகளைக் கடித்திருந்தாள். அந்த ஞாயிறு பள்ளிக்கு டீச்சர் நான்.

ஆசிரியப் பயிற்சி முடித்து வேலை கிடைக்காமல் இருந்தேன். கணவர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பாதிரி ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற வாரங்களில் ஆராதனை நடத்தும் உபதேசியார் பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டிருந்தார். வாரத்துக்கு ஆறு நாள் நான் என் மகளுக்குப் புத்தி சொன்னேன். அதட்டினேன், கெஞ்சினேன், வாயில் வேப்பெண்ணெய் தடவினேன். தடவிய பிறகு தொண்டைக்குக் கெடுதலோ என்று பயந்து தேன் கொடுத்தேன். கடித்தால் தேன் கிடைக்கும் என்று அவள் புரிந்துகொண்டாளோ என்று அடுத்த கவலை. ஊருக்கு எழுதிக் கேட்டதற்கு, எங்கள் பக்கத்தில் யாரும் கடித்ததில்லை என்று மாமியார் இன்லண்டு லெட்டரில் ஒரு வரி எழுதியிருந்தார்.

மூன்றாவதாகக் கடிபட்டது என் மகள் வயதுப் பெண். அவளுடைய அம்மாவுக்குப் புதுத்தோட்டத்தில் களை எடுக்கிற வேலை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அன்று மாலையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

"எண்ணிப் பாருங்க டீச்சரம்மா. மேல அஞ்சு, கீழ நாலு."

எண்ணிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

"ஒண்ணு உங்க பிள்ள பள்ளிக்கு வரட்டும், இல்ல எம்பிள்ள வரட்டும். வார ஞாயித்துக்கெழம மாதர் கூட்டத்துல வச்சுக் கேட்டுருவோம்."

அந்தக் கூட்டத்தில் பாடம் சொல்வது என் முறை. எந்த உவமையை எடுப்பது என்று அந்த வாரம் முழுவதும் குழம்பினேன். கோதுமையும் களையும் உவமைதான் முதலில் நினைவுக்கு வந்தது. களையை இப்போது பிடுங்க வேண்டாம், அறுவடை வரை இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்று நிலத்துக்காரர் வேலைக்காரர்களிடம் சொல்கிறார். என் வீட்டு விவகாரத்துக்கு இதைவிட வசதியான பாடம் கிடையாது. வசதியாக இருப்பதாலேயே தப்போ என்று தோன்றி, கடுகு விதைக்கு மாறினேன். வேதத்தில் உள்ளதைச் சொல்ல ஏன் கூச வேண்டும் என்று சனிக்கிழமை மறுபடி களைக்கே திரும்பினேன்.

அதோடு நின்றிருக்கலாம். தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பெண்கள் கோதுமையை ரேஷன் கடையில்தான் பார்த்திருந்தார்கள், செடியாகப் பார்த்ததில்லை. ஆகவே கோதுமையை எடுத்துவிட்டுத் தேயிலையை வைத்தேன்.

ஆராதனை முடிந்து பாய் விரித்து உட்கார்ந்தோம். உபதேசியாரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கதையைச் சொன்னேன். அறுவடை என்பது உலக முடிவு, அதுவரை பொறுமை வேண்டும் என்று முடித்தேன்.

"டீச்சரம்மா, அறுவடைன்னா கொழுந்து எடுக்கதுதான?" என்று பின்னால் இருந்த கொழுந்துக்காரி ஒருத்தி கேட்டாள்.

யோசிக்காமல் ஆமாம் என்றேன்.

"இந்த மழையில நமக்கு எட்டு நாளைக்கு ஒருக்க கொழுந்து. எட்டு நாளைக்கு ஒருக்க உலகம் முடிஞ்சா சோறு எப்பம் பொங்க?"

"களைய விடுங்கன்னு சொன்ன தொர எந்த எஸ்டேட்டுட்டி?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். "அங்க ஆள் எடுக்காவளான்னு கேளு."

சிரிப்பு அடங்கும் வரை கடிபட்ட பிள்ளையின் அம்மா காத்திருந்தாள்.

"பொறுக்கச் சொன்னிய, பொறுத்தாச்சு" என்றாள். "எம்மவளக் கடிச்சது போன ஞாயித்துக்கெழம. இன்னையோட எட்டு நாளு."

என் பாடமே என் பிள்ளையை வெளியே தள்ளப் போகிறது என்று புரிந்தது. எதிர்த்துப் பேசுவது டீச்சருக்கு அழகில்லை, பேசாமல் இருப்பது தாய்க்கு அழகில்லை. வேண்டுமானால் என் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாடத்தில் விட்டுப்போன ஒரு வரி ஞாபகம் வந்தது. எதையும் பாதியில் விட எனக்கு வராது. களையைப் பிடுங்கும்போது பயிரும் சேர்ந்து வந்துவிடக் கூடாதே என்றுதான் நிலத்துக்காரர் தடுத்தார் என்றேன்.

கடிபட்டவளின் அம்மா முகம் சுளித்தாள். "அதெப்படிச் சேந்து வரும்? நான் புடுங்கினா வராது."

"உன்னையவா சொன்னாவ?" என்றாள் கொழுந்துக்காரி.

"தேயில இளங்கன்னு அடிய ஒரு கையால அமுக்கிக்கிட்டு மத்தக் கையால களைய இழுக்கணும். புதுசா வந்தவளுவதான் ரெண்டையும் உருவிட்டு முழிச்சுக்கிட்டு நிப்பாளுவ." சொல்லிவிட்டுக் களை எடுக்கிறவள் என் பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மா, அந்த வேலைக்காரவ பழைய ஆளா, புது ஆளா?"

எந்தப் பரீட்சையிலும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. புது ஆளாக இருக்கலாம் என்றேன்.

"அப்பம் மொதலாளி சொன்னது சரிதான். கைப்பழக்கம் இல்லாதவள இளங்கன்னு பக்கம் விடப்படாது. நான் நின்னிருந்தா என்னைய விட்டிருப்பாரு."

"பெறகென்னட்டி, உனக்குத்தான் கைப்பழக்கம் இருக்கே. டீச்சரம்மா பிள்ளைய நீயே புடுங்கி எறி" என்றாள் கொழுந்துக்காரி.

எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள். அவள் என் முந்தானை நுனியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். கடிபட்டவளின் அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தேயிலைன்னா எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "பிள்ள விசயத்துல நானும் புது ஆளுதான். கெடக்கட்டும், வரட்டும். எம்மவ பக்கத்துல மட்டும் உக்கார வைக்காதிய."

உபதேசியார் அதுதான் அர்த்தம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டார். அன்றிரவு நான் வேதத்தை எடுத்துப் பார்த்தேன். வேலைக்காரர்கள் புதியவர்களா என்று அதில் இல்லை. ஆனால் அவர்கள் பிடுங்கிப் போடத் துடித்த அவசரம் இருந்தது. அந்த வாரம் வேப்பெண்ணெய்ப் புட்டியைப் பரணில் ஏற்றினேன். செய்தது சரிதானா என்று இரண்டு முறை இறக்கியும் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு என் மகளை என் காலடியிலும், கடிபட்டவளைக் கடைசி வரிசையிலும் உட்கார வைத்தேன். கடிபட்டவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தாள். மூன்றாவது வாரம் என் மகளோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். பிரித்துவிடக் கையை நீட்டினேன். எது எவள் கை என்று தெரியாதபடி பின்னிக்கொண்டிருந்தார்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினோம். நான் மட்டும் ஒரு கண்ணை லேசாகத் திறந்து என் மகளின் வாயைக் கவனித்தேன். குடை எடுக்க வந்தேன் என்று வாசலில் நின்றிருந்த கடிபட்டவளின் அம்மாவும் தலையைக் குனிந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள்.