எங்கள் நாலு பேருக்கும் ஒரே அத்தான்

வியாழக்கிழமை காலையில் திருநெல்வேலி பஸ் தென்காசிக்குள் நுழைந்தாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். அதன் கூரையில்தான் வாரப் பத்திரிகைக் கட்டு வரும். கடைக்காரர் கட்டைப் பிரித்த மறு நிமிடம் ஒரு பிரதி எங்கள் பெரியப்பா வீட்டு முன்கூடமான பட்டாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். பெரியப்பாவின் மகள், எங்களுக்கெல்லாம் பெரியக்கா, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்வாள். அவளுக்கு ஒரு பக்கம் என் உடன்பிறந்த அக்கா, மறுபக்கம் நான். சித்தப்பா மகள், எங்களில் கடைக்குட்டி, பெரியக்காவின் தோளில் தாடையை ஊன்றி எட்டிப் பார்ப்பாள். அடுக்களையில் பால் பொங்கி வழிந்தாலும் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். "கோட்டி பிடிச்சிருக்கு இவளுவளுக்கு" என்று பெரியம்மா கத்திக் கத்தி ஓய்ந்துபோவாள். அந்த எழுபதுகளின் கடைசி வருஷங்களை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

அப்படி எங்களைக் கட்டிப் போட்டது ஒரு படத்தொடர். வாரம் நான்கு பக்கம். மாடி அறையில் குடியிருக்கும் ஒரு வாலிபன். அவன்மேல் உயிரையே வைத்திருக்கும் நான்கு பெண்கள். ஒருத்தி டாக்டருக்குப் படிப்பவள், அவனைக் கண்டாலே சீறி விழுவாள். ஒருத்தி டைப்பிஸ்ட், எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்குவாள். ஒருத்தி வீட்டுக்காரர் மகள், சைக்கிளில் வந்து அவன்மேலேயே மோதுவாள். நாலாமவள் சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவள், தினமும் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள். அவனுக்கோ இதில் எதுவும் புரியாது. டாக்டர்காரி திட்டினால் மன்னிப்புக் கேட்பான், டைப்பிஸ்ட் அழுதால் கைக்குட்டை கொடுப்பான், சாப்பாடு வந்தால் சாப்பிடுவான். பெரியக்கா நாலு குரலில் வாசிப்பாள் பாருங்கள், எங்களுக்கு வயிறு வலித்துப்போகும்!

நாங்கள் ஆளுக்கொரு பெண்ணின் பக்கம் நின்று சண்டை போட்டோம். நான் சைக்கிள்காரி கட்சி. என் அக்கா டாக்டர்காரி கட்சி. கடைக்குட்டி, அவளும் அழுமூஞ்சிதான், டைப்பிஸ்டை விட்டுக் கொடுக்கவே மாட்டாள். பெரியக்காவுக்குத் தூக்குச்சட்டிக்காரி. அந்தக் கதையில் என்ன அப்படி ஒரு ருசி என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். நான்கு பேரில் ஒருத்தி நிச்சயமாக நம்மைப்போல இருப்பாள். அவளுக்கும் ஓர் இடம் உண்டு, அவளையும் ஒருவன் பார்த்துச் சிரிப்பான். யாரும் தோற்கவில்லை, யாரும் வெளியே தள்ளப்படவில்லை. அடுத்த வியாழக்கிழமை உன் ஆள் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். இதைவிட ஒரு சின்னப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? அவன் அசடு என்பதுதான் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தது. தெரியாமல் செய்கிறவன் மேல் யாருக்குக் கோபம் வரும்?

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். பம்பாயில் வேலை பார்த்த அத்தை மகன், எங்கள் நாலு பேருக்கும் ஒரே அத்தான். அண்ணன் தம்பி மூவரின் வீட்டிலுமாக நாங்கள் நாலு முறைப்பெண்கள். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் அத்தையும் அத்தானும் வந்து இறங்குவார்கள். அவர் வந்துவிட்டால் மூன்று வீட்டுக்கும் திருவிழா. ஒரு நாள் பெரியப்பா வீட்டுச் சாப்பாடு, மறுநாள் எங்கள் வீடு, அதற்கடுத்த நாள் சித்தப்பா வீடு. பெரியக்கா உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் வைப்பாள். என் அக்கா வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்கு ஊரே வரலாம். எனக்கு அப்பளம் பொரிக்கத்தான் வரும், ஆனாலும் அதைத் தட்டில் அடுக்குகிற அழகில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. கடைக்குட்டி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு மோர் ஊற்றுவாள். அத்தான் எல்லாரிடமும் சிரிப்பார், எல்லாரையும் கேலி செய்வார். "எம்புள்ளைக்கு என்ன கொறைச்சல், நாலு மொறைப்பொண்ணுல்லா!" என்று அத்தை ஊர் முழுக்கச் சொல்லிப் பூரிப்பாள்.

நாலில் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு. உடன்பிறந்தவளின் பிள்ளையிடம் போய்க் கேட்டால் அவன் உரிமையைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பெரியப்பா மூத்தவள்தான் என்று நினைத்தார். அப்பா என் அக்கா என்று நினைத்தார். சித்தப்பாவும் ஏதோ நினைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். மூன்று பேரும் வாயைத் திறக்காமல் மாப்பிள்ளைக்கு விசிறினார்கள். இதற்குள் பெரியக்காவுக்கு வந்த வரன்களெல்லாம் "அத்தான் இருக்கான்லா" என்ற ஒரே சொல்லில் திரும்பிப் போயின. அவளுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில், எங்கள் தெருவில், அது எப்பேர்ப்பட்ட பாரம் என்று இன்றைய பெண்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் சுரண்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்த இடத்தில், காபி டம்ளரை நீட்டிய பெரியக்காவிடம் அவர் தாழ்ந்த குரலில், "உங்களுக்கு இஷ்டமா? இல்லன்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாராம். பெரியக்கா இதை எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எங்கிட்ட கேட்டாருட்டி, எங்கிட்ட!" ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்லுங்கள், ஆவணியில் கல்யாணம் என்பது அவர்கள் பேச்சு. பெரியப்பாவோ, "தங்கச்சி மனசு நோவக் கூடாது, மாப்ள வாயிலேருந்து ஒரு வார்த்தை வரட்டும்" என்று இழுத்தார். அத்தான் ஊரில்தான் இருந்தார், எங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு. ஆனி முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

அந்த வியாழக்கிழமையும் பத்திரிகை வந்தது. வாலிபன் தன் மனதைச் சொல்ல வாயைத் திறக்கிறான், வாசலில் தந்திக்காரன் மணியடிக்கிறான், தொடரும். நாங்கள் மூவரும் தலையில் அடித்துக்கொண்டு கூச்சல் போட்டோம். பெரியக்கா மட்டும் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இவன் சொல்லமாட்டான்ட்டி. சொல்லிட்டா கதை முடிஞ்சு போயிரும்லா. பொறவு யாரு இவனுக்குச் சாப்பாடு கொண்டாருவா?" என்றாள். நான் அதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் வேன் பிடித்து எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். மரமெல்லாம் சொட்டச் சொட்ட நல்ல சாரல். குளித்து, நடுங்கி, புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்தோம். ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவுதான், நாலு தட்டு ஒரே சமயத்தில் அவரை நோக்கி நீண்டது. எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் இடுப்பில் கைவைத்து ரசித்துப் பார்த்தார். பெரியக்கா தன் தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும்."

"கேளேன்."

"எங்க நாலு பேருக்கும் உங்க மேல நெனப்பு உண்டுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஏட்டி! என்ன பேச்சு இது?" என்று அத்தை பதறினாள். பெரியப்பா சோற்றுக் கையோடு உறைந்துவிட்டார். அத்தான் கூச்சப்படவில்லை, கோபப்படவில்லை. "தெரியாம இருக்குமா? அதுக்காகத்தான வருஷா வருஷம் ஓடி வாரேன்" என்று சிரித்தார்.

"வந்த வரனை எல்லாம் உங்களுக்காவத் திருப்பி அனுப்பிட்டு நான் உக்காந்திருந்ததும் தெரியும்?"

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "தெரியும். அதுக்கு இப்ப என்ன அவசரம்? எனக்கு எல்லாரும் ஒண்ணுபோலத்தான."

பெரியக்கா தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் அழுகை வரும் என்று பயந்து பார்த்தேன். வரவில்லை. "அப்பா, சுரண்டைக்குச் சரின்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் அருவியைப் பார்த்து நடந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கையில் இருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன். என் அக்கா ஓடிவந்தாள், கடைக்குட்டி வழுக்கி விழுந்து எழுந்து ஓடிவந்தாள். நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு அருவிக்குள் நின்று கத்தினோம். தண்ணீர் இரைச்சலில் யார் என்ன கத்தினோம் என்று எங்களுக்கே கேட்கவில்லை. வேனில் திரும்பும்போது பெரியப்பா ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்து, "சரிம்மா" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தான் சில வருஷம் கழித்து பம்பாயிலேயே ஒரு பெண்ணைக் கட்டினார். நல்ல மனுஷர்தான், எங்களுக்கு அவர்மேல் பகை கிடையாது. அவர் தீங்கு நினைத்தவரில்லை. நாலு பேர் அன்பும் ருசியாக இருந்தது, எழுந்துபோக மனம் வரவில்லை, அவ்வளவே. அந்தப் பத்திரிகைத் தொடர் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பெரியக்கா சுரண்டைக்குப் போன பிறகு பட்டாசலில் நாலு குரலில் வாசிக்க ஆளில்லை.

போன மாதம் என் பேத்தி ஒரு ஜப்பான் படக்கதையை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், அவனைக் காதலிக்கும் ஐந்து பெண்கள். ஒருத்தி திட்டுகிறாள், ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு வருகிறாள்! எனக்குத் தாங்கவில்லை. அவளோடு சேர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, ஜப்பான் புத்தகம் அப்படித்தானாம், நானும் படித்தேன், கூச்சமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். உடனே சுரண்டைக்கு போன் போட்டுப் பெரியக்காவிடம் முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அந்தப் பய அஞ்சுல யாருன்னு சொல்லிட்டானா?" என்று கேட்டாள்.

"எங்கன சொல்லுதான்? புத்தகம் புத்தகமா வந்துக்கிட்டே இருக்காம்."

பெரியக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"அத்தனை பிள்ளையள்ல ஒருத்தி கூடவா இன்னும் எந்திரிச்சுப் போகல?"