எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொன்ன மழை

பங்குனியில் மழை வரும் என்று அந்த ஊர்ப் பெண்களுக்கு முன்கூட்டியே சொன்னது என் குரல். சொன்னபடியே மழை வந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறேன். கணவருக்குச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை. எனக்குப் பத்திரிகை வேலை போன பிறகு, வடக்குத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயப் பெண்களோடு இயங்கிய சிறிய தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். பருவம் தப்பிய மழை வருடாவருடம் அறுவடையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வானிலைத் தகவலை அவர்களுக்குப் புரிகிற பேச்சில் எழுதி, என் குரலில் பதிவு செய்து, அவர்களுடைய செல்போன்களுக்கு அனுப்புவது என் பொறுப்பு. செய்தி எழுதிப் பழகிய கை என்பதால் நாலு வரிக்கு மேல் போக மாட்டேன்.

ஆரம்பிக்கும் முன், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டோம். அங்கே நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அதைப் பிடுங்கும் நாளை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகத் தீர்மானித்தாள். ஒருத்தி அனல்மின் நிலையத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். இன்னொருத்திக்கு, சுரங்கத்துக் கன்வேயர் சத்தம் பக்கத்தில் கேட்டால் காற்று திரும்பிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது பெண் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, முற்றியதற்கு அடையாளமாக ஓட்டின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

“ஒனக்கு வானமே கெடையாதாடி? ஓட்டுக்குள்ளயே பூந்துகினு கெடக்குற” என்று புகை பார்க்கிறவள் சீண்டுவாள்.

“வானத்த நம்பித்தான் போன வருசம் பிஞ்சுல புடுங்குன. நல்லா தின்ன, போ.”

ஓட்டைப் பார்க்கும் இந்தப் பெண்ணின் சொந்த நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. வேறொருவரின் புன்செய்க் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டிருந்தாள். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கொல்லையை விட்டுவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். டவுன்ஷிப்பில் தெரு பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை ஒன்றை அவளுக்காகப் பேசியும் வைத்திருந்தார்.

“இந்த வெள்ளாம வூடு வந்து சேந்துட்டா அவரு வாயத் தொறக்க மாட்டாரு மேடம். சேரலன்னா நான் தொடப்பத்த எடுத்துக்கினு உங்க குவார்ட்டர்ஸ் பக்கம்தான் வரணும்” என்றாள் சிரித்துக்கொண்டே.

கூலிக்கு ஆள் வைக்க முடியாத இந்தப் பெண்களிடம் முறை வைத்துப் பிடுங்கும் வழக்கம் இருந்தது. இன்று ஒருத்தி கொல்லையில் எல்லோரும் சேர்ந்து பிடுங்குவார்கள்; அடுத்த நாள் இன்னொருத்தி கொல்லையில். வேலைக்கு வேலைதான், காசு கிடையாது. அந்தப் பங்குனியில் ஓட்டைப் பார்க்கிறவள் இரண்டு பேர் கொல்லையில் பிடுங்கி முடித்திருந்தாள். மூன்றாவது முறை அவளுடையது.

அதற்கு முந்தைய மாலை நான் பதிவு செய்த செய்தி இது: “நாளை மறுநாள் பிற்பகலில் இடியுடன் பெரிய மழை. முற்றிய மல்லாட்டையைப் பிடுங்கி, காயைச் செடியிலிருந்து ஆய்ந்து, மூடி வையுங்கள்.” ஒரே நேரத்தில் எல்லோர் போனிலும் ஒலித்தது. ஒருத்திக்கு முன்னால், ஒருத்திக்குப் பின்னால் என்ற பேச்சு வரக்கூடாது என்பதில் நாங்கள் கவனமாக இருந்தோம்.

மறுநாள் காலை போனபோது அவள் கொல்லையில் அவள் மட்டும் குனிந்திருந்தாள். சுற்றியிருந்த கொல்லைகளிலும் அப்படித்தான்: ஒவ்வொன்றிலும் ஒருத்தி, அதிகம் போனால் கூட வீட்டு ஆள் ஒருவர்.

“யக்கா, நேத்து ஒங்கொல்லையில முதுவு ஒடிய புடுங்குனேன். இன்னிக்கு எம்மொற” என்று பக்கத்து வரப்பைப் பார்த்துக் கத்தினாள்.

“தெரியும்டி. புடுங்குனத ஆயாம அப்படியே கெடக்குது. நனைஞ்சா நீயா குடுப்ப?” குரல் கொடுத்தவள் புகை பார்க்கிறவள். நிமிரக்கூட இல்லை. “மழ வருதுன்னு சொன்ன செல்லு, கூட வந்து நாலு செடி புடுங்குனா தேவல.”

இரண்டு மூன்று கொல்லைகளில் சிரிப்பு கேட்டது. அவளும் சிரித்தாள். அவள் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்; ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். நானும் குனிந்து பிடுங்கினேன். மண் இறுகிக் கிடந்தது.

“காய மண்ணுலயே வுட்டுட்டு கொடிய மட்டும் புடுங்கறீங்க மேடம். நீங்க வூட்டுக்குப் போங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சொன்ன நாளில், சொன்ன பொழுதில் மழை இறங்கியது. ஒருத்திக்கும் வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை. பத்துக் கைகள் ஒரு கொல்லையில் செய்வதை இரண்டு கைகள் செய்துகொண்டிருந்தன. அவள் பிடுங்கிய செடிகள் ஆய ஆளில்லாமல் குவியலாகக் கிடந்தன. அவளிடமிருந்த தார்ப்பாய் பாதிக் குவியலைத்தான் மூடியது. மழை நாள்கணக்கில் விடாமல் பெய்தது. வெயில் வந்து தார்ப்பாயை எடுத்தபோது, காய்களைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. பிடுங்காத செடிகளிலும் மண்ணுக்குள் அதே கதை.

புகையும், சத்தமும், காயின் ஓடும் பல தடவை தப்பாகச் சொல்லியிருக்கின்றன. ஆனால் ஆளுக்கொரு நாளைச் சொல்லின. அதனால்தான் ஒருத்தி பிடுங்கும் நாளில் மற்றவர்களுக்குக் கை ஒழிந்திருந்தது. சரியான தகவல் எல்லோருக்கும் ஒரே நாளைச் சொன்னது.

அமைப்பின் அறிக்கையை நான்தான் எழுதினேன். முன்னறிவிப்பு துல்லியமாக இருந்தது, அது எல்லாப் பெண்களையும் சென்றடைந்தது என்று எழுதினேன். இரண்டு வரியிலும் பிழை இல்லை. அடுத்த கூட்டத்தில், செய்தியை ஆளுக்கொரு நேரத்தில் அனுப்பினால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார்.

“யாருக்கு மொத சொல்லுவீங்க?” என்று கன்வேயர் சத்தம் கேட்கிறவள் கேட்டாள். யோசனை சொன்னவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த பட்டத்தில் முறை வைத்துப் பிடுங்க யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஓட்டைப் பார்க்கிறவள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. குத்தகையை விட்டிருந்தாள்.

இப்போது எங்கள் பிளாக்கில் தெரு பெருக்குகிறாள். சேலைக்கு மேல் கான்ட்ராக்ட் கோட்டு. ஒரு நாள் காலை நான் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது அவள் கோட்டுப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மாலையில் மழை என்று என் குரல் சொன்னது. துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு முழுவதும் கேட்டாள்.

“உங்க நம்பரை எடுத்துடச் சொல்லட்டுங்களா?” என்றேன்.

“இருக்கட்டும் மேடம். சருகு நனைஞ்சா தொடப்பத்துல வராது. அதுக்குள்ள பெருக்கிடுவேன்.”

தெரு நீளமானது, இரண்டு பக்கமும் மரங்கள். அந்த முனையிலிருந்து இந்த முனை வரை அவள் ஒருத்திதான்.