‘வாங்காதீர்கள்’ அட்டை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு குப்பைப் படத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தது.

நகோயாவின் ஓசு கடைத்தெருவில் அம்மா பழைய டிவிடி கடை வைத்திருந்தாள். வீடியோ கேம் ஒன்று நன்றாக விற்றால், அதன் பேரில் அரைமணிக் கார்ட்டூன் ஒன்றைச் செய்து ரசிகர்கள் தலையில் கட்டுவார்கள். மற்றக் கடைகளில் அந்த டிவிடிகளுக்குக் கீழே கையால் எழுதிய அட்டை ‘வாங்குங்கள்’ என்று கெஞ்சும். அம்மாவின் அட்டையில் ‘வாங்காதீர்கள்’ என்றிருக்கும். முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள்.

நான் லென்ஸ் தொழிற்சாலையில் அளவைப் பொறியாளர். கணக்கு என் பொறுப்பு.

“மொத்தம் எவ்வளவுடி?”

“இருபத்தெட்டு நிமிஷம்.”

“பாட்டைக் கழி.”

“மூணு. பேரு ஓடுறது ரெண்டு. கேம்லேர்ந்து அப்படியே எடுத்து ஒட்டினது ஆறு.”

“ஆள் அசையாம வாய் மட்டும் அசையறது?”

“ஒம்போது.”

“மிச்சம் எட்டு. அதுக்கு ஆறாயிரம் யென். ராமென் சாப்பிட்டா வயிறாவது ரொம்பும்.”

கதவருகே இஸோகாய் நின்றிருந்தார். இப்போது பச்சிங்கோ சூதாட்ட இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவர். இருபது வயதில் இந்தப் படத்துக்கு வரைந்த பலரில் ஒருவர். மாதம் ஒரு சனிக்கிழமை வருவார், அட்டைகளைப் படிப்பார், போய்விடுவார். அன்று அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார்.

“தோமியே சான், அடுத்த தடவை என் பொண்ணைக் கூட்டிட்டு வரேன். என் பேரு வந்த ஒரே படம் இதுதான். அவ கண்ணுல இந்த அட்டையா படணும்?”

“படம் அப்படித்தானே இருக்கு?”

“ஒரு வரி நல்லதா எழுதக் கூடாதா?”

“இருந்தா எழுதறேன். இன்னொரு தடவை பாக்கறேன். பொய் எழுத மாட்டேன்.”

“உங்ககிட்ட பாஸ் மார்க் வாங்கறதுக்கு நான் மறுபடி பொறந்து வரணும்.”

“வந்தா வேற வேலைக்குப் போங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. மாலை 4.12-க்கு மூச்சு நின்றது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நேற்றுதான் கடையைத் திறந்தேன். பிளேயரைப் போட்டதும், அம்மா நிறுத்திய இடத்திலிருந்து படம் ஓடியது. பத்தொன்பதாம் நிமிடம், நாற்பதாம் வினாடி. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் நனைந்த குடையை உதறி மடக்குகிறாள். நான்கு வினாடி. ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எண்ணினேன். மற்ற இடங்களில் வினாடிக்கு எட்டுப் படம் வரைந்து ஏமாற்றியவர்கள், இங்கே இருபத்துநான்கு வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுகிறது.

இதற்காக யாரும் ஆறாயிரம் யென் கொடுக்க வேண்டாம். மிச்சமெல்லாம் குப்பைதான்.

மேசையில் புது அட்டை கிடந்தது. ‘வாங்காதீர்கள். ஆனால் 19:40-ல்’ என்பதோடு நின்றிருந்தது. அதன்மேல் ஒரு துண்டுத்தாள், அம்மாவின் கையெழுத்தில்:

‘சனிக்கிழமை இஸோகாய் வந்ததும், குடை அவர் வரைந்ததா என்று கேள். கேட்டுவிட்டு மிச்சத்தை எழுது.’

நாளை அந்தச் சனிக்கிழமை.