சுவரில் ஆணி அடிக்காமல்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் நான் இருப்பது அரை வீடு. மாமனார் காலத்தில் முழு வீடாக இருந்ததை அவருடைய மகன்கள் இரண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டு, நடுவில் நாலரை இன்ச் கனத்தில் ஒரு சுவரை எழுப்பினார்கள். சிமெண்டில் மிச்சம் பிடித்தார்களோ என்னவோ, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் என் கொழுந்தன், அவன் மனைவி, என் மாமியார். இந்தப் பக்கம் நானும் என் கணவரும். போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அல்சூர் சிக்னல் தாண்டுவதற்குள், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் நான் மட்டும்.

இவ்வளவு மொட்டையாகச் சொல்கிறாளே என்று தோன்றலாம். அப்போதும் நான் அப்படித்தான் இருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலி பத்தவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காத" என்று ஒரு அம்மாள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வருவதற்கு. சோறு தின்றேன், தூங்கினேன், லீவு முடிந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன்.

என் வேலை, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கியவர்களின் திட்டை வாங்கிக்கொள்வது. தமிழிலும் கன்னடத்திலும் வாங்கிக்கொள்வேன். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. கொழுந்தனும் அவன் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். ஆகவே பகலெல்லாம் மாமியார் என் பொறுப்பு. அந்த வீட்டுச் சாவி என்னிடம். இரண்டு ஃபோன் காலுக்கு நடுவே ஓடிப்போய்ப் பார்ப்பேன், சோறு ஊட்டுவேன், பாத்ரூமுக்குக் கூட்டிப்போவேன்.

அத்தைக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வந்தது. மகனை எடுத்த அன்று வாசலில் விழுந்து புரண்டு அழுதவர், அந்த மழைக்காலம் முடிவதற்குள் அதைச் சுத்தமாக மறந்துபோனார். கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கட்டில் நடுச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் என் மேஜை. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தாரென்றால் சுவரைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பிப்பார்.

"பெரியவனே! ஏ பெரியவனே! எங்கடா போன?"

பெரியவன் என்றால் என் கணவர். மூத்த மகனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. காக்கை கத்துகிறது, குக்கர் கத்துகிறது, அத்தை கத்துகிறார். ஆனால் மெஷின்காரர்களுக்குக் கேட்டது. கோயமுத்தூரிலிருந்து பேசிய ஒருவர் ஃபில்டர் அடைத்துக்கொண்டதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தி, "ஏனுங்க, யாரோ வயசானவங்க கூப்படறாங்க, போய்ப் பாருங்க, நான் லைன்ல இருக்கறேன்" என்றார். நல்ல மனுஷன். ஆனால் ஒவ்வொரு ஃபோன் காலையும் ஒட்டுக்கேட்டு மார்க் போடுகிறவர்களுக்கு அந்த நல்ல மனசு இல்லை. டீம் லீடர் கூப்பிட்டான். கோலார் பக்கத்துப் பையன், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான்.

"மேடம், ரூம்ல எக்கோ வருது, சத்தமும் வருது. வெள்ளிக்கிழம நானே கால் போட்டு செக் பண்றேன். சரியா இல்லன்னா ஆபீஸுக்கு வந்துடணும். இல்லாந்த்ரே கஷ்ட."

ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடியில். மெட்ரோ பிடித்து, பஸ் பிடித்துப் போய்விடலாம், எனக்கென்ன. ஆனால் நான் போனால் பகலில் அத்தையைப் பார்க்க ஆளில்லை. அப்படி வந்தால் கே.ஜி.எஃப்-இல் இருக்கும் நாத்தனார் அவரைக் கூட்டிப்போய்விடுவது என்று ஏற்கெனவே குடும்பத்தில் பேசி வைத்திருந்தார்கள். ஒருமுறை கூட்டிப்போய் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை அங்கே சோற்றைத் தொடவில்லை. "எம் பெரியவன் தேடுவான்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி நடந்திருக்கிறார். யாரோ தங்கச் சுரங்கத்துச் சாம்பல் மேட்டுப் பக்கத்திலிருந்து கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னொரு முறை போனால் திரும்பி வர மாட்டார் என்று கொழுந்தன் மனைவி சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். அதை மளிகை சாமான் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினோம்.

அதனால்தான் ஃபோம் வாங்கினேன். பாட்டு ரெக்கார்டிங் செய்கிற ரூம்களில் சுவர் முழுக்க ஒட்டியிருக்குமே, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக, கறுப்பாக. ஃபோனில் பார்த்து ஆர்டர் போட்டேன். அப்பளக் கட்டு மாதிரி அமுக்கிக் கட்டி வந்து சேர்ந்தது. பிரித்தால் தானாக உப்பும் என்று போட்டிருந்தது. உப்பவில்லை. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து காயவைக்கச் சொன்னது ஒரு வீடியோ. மொட்டை மாடிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டேன். எதிர் மாடிப் பெண், "இன்னாக்கா, மெத்த பிஞ்சிபோச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் மனைவி வந்து ஃபோமை அழுத்திப் பார்த்தாள்.

"அக்கா, இத எப்படி மாட்டப் போறீங்க?"

"சுத்தியல் இருக்குதே. நாலு ஆணி."

அவள் முகம் மாறிவிட்டது. "ஆணி மட்டும் வோணாங்க்கா."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சுவரில் எந்தப் பக்கம் ஆணி அடித்தாலும் மறுபக்கம் பூச்சு உதிரும், மாட்டியிருக்கும் படம் விழும். ஒருமுறை புத்தர் படம் விழுந்து கண்ணாடி உடைந்திருக்கிறது. அதிலிருந்து, அடிப்பதற்கு முன்னால் கையால் சுவரை இரண்டு தட்டு தட்ட வேண்டும். மறுபக்கம் படங்களை எடுத்துவிட்டு, அடிக்கலாம் என்று குரல் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் தட்டுவது எப்போதும் என் கணவர்தான். அந்தப் பக்கத்தில் படங்களை எடுப்பது அத்தை. ஆகவே அவள் பூச்சுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"செவுரு போனா போவுதுக்கா. நீங்க தட்னா, மாமா தான் தட்றாருன்னு அத்த நெனச்சுக்கும். அப்புறம் அத அடக்க முடியாது."

கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது ஆகிவிடுவேனோ என்று. நான் ஒன்றும் ஆகவில்லை. சரி, ஆணி வேண்டாம் என்றேன்.

சுவரைக் கெடுக்காமல் மாட்டுவதற்கு உலகத்தில் ஆயிரம் வழி இருக்கிறது, எல்லாம் நல்ல பெயிண்ட் அடித்த சுவருக்கு. எங்களுடையது சுண்ணாம்பு. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வாங்கி, ஃபோமின் முதுகில் ஒட்டி, சுவரில் அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்தது. பார்த்தால் டேப் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு. சுவரைத் துடைத்து ஒட்டினேன், ஈரத்துணியால் துடைத்து ஒட்டினேன். ஒவ்வொன்றாக விழுந்தது. ஓங்கி அழுத்தவும் முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது. மனுஷி கோபம் வந்தால் கூட மெதுவாகத்தான் கோபப்பட வேண்டும் என்றால் எப்படி.

கடைசியில் கல்யாணத்துக்கு வந்த பெட்ஷீட் ஒன்றை எடுத்தேன். கெட்டித் துணி. ஃபோம் துண்டுகளை அதன்மேல் அடுக்கி, கோணி ஊசியால் மூலைக்கு மூலை தைத்தேன். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்புறம் சாமான் அடுக்கும் சஜ்ஜாப் பரணில் இருக்கும் கொக்கி வரைக்கும் நைலான் கயிறு கட்டி, சாமான் மூட்டைகளை நகர்த்திவிட்டு, பெட்ஷீட்டை அதில் தொங்கவிட்டேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. மேஜையில் உட்கார்ந்து "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் வாயிலிருந்து வெளியே வந்து அங்கேயே செத்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. என் உடம்புக்குள் எப்படி இருந்ததோ, ரூமும் அப்படி ஆகிவிட்டது. அத்தையின் சத்தமும் இனி வராது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தைக்குக் கொஞ்சம் முன்னதாகவே சோறு ஊட்டிப் படுக்க வைத்தேன். நான் வந்து ஃபேனை நிறுத்தினேன், ஷீட் ஆடக்கூடாதே என்று. உட்காரும்போது பார்த்தால் ஓரத்துத் துண்டு ஒன்று தையல் விட்டு, நாக்கு மாதிரி முன்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பத் தைக்க நேரமில்லை. மிச்சமிருந்த டேப்பை ஒட்டி, அந்த ஒரு துண்டை மட்டும் நேராகச் சுவரில் வைத்தேன். விழுந்தது. வைத்தேன், விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டித்தொலை என்று கைமுட்டியால் இரண்டு குத்து விட்டேன்.

ஒட்டிக்கொண்டது. ஃபோன் அடித்தது.

"மேடம், பேசுங்க" என்றான் டீம் லீடர். பேசினேன். ஃபில்டர் மாற்றுவது எப்படி என்று எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். "சூப்பர் மேடம், எக்கோவே இல்ல" என்றான். அப்போது அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"பெரியவனே! வந்துட்டியாடா? ஆணி அடிக்கறியா? இரு, இரு. படத்த எடுத்துடறேன்."

ஃபோம் வைத்தால் வெளிச்சத்தம் நிற்கும் என்று நானாக நினைத்துக்கொண்டது. அது நம் ரூமுக்குள் இருக்கும் எதிரொலியைத்தான் குடிக்குமாம். எதிரொலி போன ரூமில் அத்தையின் குரல் முன்பைவிடத் தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது.

"மேடம், யார் அது? உங்க வீடா?"

"இல்ல. பக்கத்து வீடு" என்றேன்.

"எடுத்துட்டேன்டா! அடி! ஏன்டா சும்மா இருக்க? அடிடா!"

நான் விட்ட இடத்திலிருந்து ஃபில்டரைப் படித்தேன். நான் முடிக்கும்வரை கேட்டான், பாவம், அவனும் என்ன செய்வான். "ஆகல்ல மேடம். திங்கக்கிழமையிலருந்து ஆபீஸுக்கு வந்துடுங்க" என்றான். சரி சார் என்றேன். கொழுந்தனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.  அவன், ஞாயிற்றுக்கிழமை கே.ஜி.எஃப் அக்காவை வந்து அம்மாவைக் கூட்டிப்போகச் சொல்கிறேன் அண்ணி என்றான். அதற்கும் சரி என்றேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பசிக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை.

சத்தம் நிற்கவில்லை என்று சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த படங்கள் எல்லாம் சுற்றிலும் இருந்தன. புத்தர், கோட்டு போட்ட அம்பேத்கர், மாமனார். எப்படி ஏறி எடுத்தாரோ, கீழே விழாதது ஆச்சரியம். மடியில் என் கணவரின் படம் இருந்தது. அதில் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கம்பியில் கட்டியது, வரவில்லை.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அப்படிக் கோபமாக அவரைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

"உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலய போட்டு வெச்சிருக்கீங்களே, யாருடி போட்டது?"

யாரைச் சொல்வது. பதினாறாம் நாள் எல்லோரும் நிற்கும்போது என் கையில்தான் கொடுத்தார்கள்.

"நாந்தான் அத்த."

பட்டென்று என் புறங்கையில் ஒரு அடி வைத்தார். வயசான கை, அடி பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயைப் பொத்தியும் சத்தம் அடங்கவில்லை. அவர் செத்துப்போனதற்கு அழுதேன், பக்கத்து வீடு என்று சொன்னதற்கு அழுதேன், ஞாயிற்றுக்கிழமைக்கு அழுதேன். எது எதற்கென்று பிரிக்க முடியவில்லை.

அத்தை பயந்துவிட்டார். தான் அடித்த என் கையைப் பிடித்துத் தடவினார். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"சரி வுடு, அழாத. அவன் வந்தா மாலய பத்தி நான் சொல்ல மாட்டேன்."