பெட்டிக்குள் எசமான், வெளியே செல்வி

பழைய சாமைத் தூசியும் பலாப்பிசினும் கலந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு மூச்சு முட்டும். ஏழாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவன்று மதியம், ரத்தம் குடிக்கும் ஜமீன்தாராக நான் அந்த வாடைக்குள்தான் படுத்திருந்தேன். என் வகுப்புத் தோழி செல்வி தன் வீட்டிலிருந்து தூக்கி வந்த தானியப் பெட்டிதான் என் சவப்பெட்டி. செல்விதான் என் வேலைக்காரன் முனியன்.

பேய்க்கதைகளில் இந்த வேலைக்காரர்களுக்குத்தான் எத்தனை வேலை! கதவு திறப்பது, விளக்குப் பிடிப்பது, குழி தோண்டுவது, வந்த விருந்தாளியிடம் "உள்ளே போகாதீர்கள்" என்று எச்சரித்துவிட்டு அவருடைய மூட்டையைத் தானே உள்ளே தூக்கிப் போவது, எல்லாம் முடிந்ததும் எசமான் கையாலேயே செத்துப்போவது. எங்கள் நாடகத்திலும் அப்படித்தான். எழுந்ததும் நான் முனியன் கழுத்தைக் கடிக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத அந்த வேடத்தைச் செல்வி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில், விரிசல் விட்ட பானை முதல் கிழிந்த அட்டை வரை எதையும் பலாக்காயில் வடியும் "பாலு" வைத்தே ஒட்டுவோம். பெட்டிமேல் கறுப்புக் காகிதம் ஒட்டியதும் அதைக்கொண்டுதான். அது இளகி மூடியின் விளிம்பில் இறங்கி இறுகியதை யாரும் பார்க்கவில்லை.

"எசமான், பொழுது சாஞ்சிருச்சு, எந்திரிங்க" என்றாள் செல்வி.

தள்ளினேன். மூடி அசையவில்லை.

"தள்ளு புள்ள!" என்று கிசுகிசுத்தாள்.

"தள்ளறேன்டி, வரமாட்டீங்குது!"

முழங்கையை மடக்க இடமில்லை. வியர்வை கண்ணில் இறங்க, இழுத்த மூச்செல்லாம் தூசியாக வர, நான் அழ ஆரம்பித்தேன். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். உடனே கூட்டத்திடம் பேசத் தொடங்கினாள்.

"ஏனுங்க, நீங்களே நாயத்தச் சொல்லுங்க. காலங்காலமா இந்தப் பெட்டியத் தொறக்கறவன் நானு. ஊரு ரத்தமெல்லாம் குடிக்கறாரே, எனக்கொரு டீ வாங்கித் தந்திருப்பாரா?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"சத்துணவு அக்கா, கொஞ்சம் எண்ணெய் குடுங்க. எசமானுக்கு இன்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கற நாளு."

இடுக்கில் ஒரு கரண்டி நுழைந்து நெம்பியது. எண்ணெய் என் காதில் சொட்டியது. "தா, தொறந்துட்டேன், அழுவாத புள்ள" என்று எனக்கு மட்டும் ஒரு குரல்.

மூடி திறந்ததும், என் முகத்தைக் கூட்டம் பார்க்குமுன் தன் துண்டைப் போட்டு மூடினாள். "எசமானுக்கு வெளிச்சம் ஆவாதுங்க" என்றாள். பிறகு, நாடகம் நாடகம்தானே, கழுத்தை நீட்டினாள். நான் கடிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், திரை விழும்வரை விடவில்லை. "கதையவே மாத்திப்புட்டீங்களே, சாமி" என்று ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தக் கூடம் இப்போது இல்லை. பெட்டியும் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. செல்வி அடிவாரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் நகரத்தில், ஆறாவது மாடியில், மென்பொருள் சோதிக்கிறேன். போன வாரம் போனில் கேட்டாள்: "இப்பவாச்சும் லிப்ட்டுல போறயா?"

"இல்லடி, படிதான்."

"கூட வாரதுக்கு ஆளே இல்லியா அங்க?"

கூட வருவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே நின்று திறந்துவிடத்தான் யாரும் இல்லை.