எமில் தொடாத சாவி

நாலாம் மாடி வந்ததும் இராயப்பு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். எமிலின் கதவைச் சத்தம் காட்டாமல் கடந்து ஆறாம் மாடிக்கு ஏறுவார். அப்படி ஏறச் சொல்லி யார் இவரைக் கேட்டது? ஒருவரும் இல்லை.

பிரெஞ்சுத் தலைநகரில், ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கத்து உணவகமொன்றில் அவருக்குக் குசினி வேலை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் இந்த ஆறாம் மாடி ஒற்றை அறையை எண்பத்தைந்தில் வாய்ப்பேச்சிலேயே வாடகைக்குக் கொடுத்தவர் எமில், தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர். தங்கமான மனிதர். அறையின் இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது. ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ஆனாலும் இராயப்பு வீட்டில் மீன் பொரிப்பதில்லை. எமில் பகிடி சொன்னால், அது முடியுமுன்பே சிரித்துவிடுவார். எமில் தலையசைக்காமல் போன நாளில் பாவி மனிதருக்குச் சோறு இறங்காது.

மனைவி பியட்றிஸுக்கு நிறைமாதம். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுப்பாள்.

"பிள்ளை பிறக்க முதல் அந்தத் திறப்பை வாங்கிக்கொண்டு வாங்கோ. அந்த மனுசன் வரமாட்டார்தான். ஆனா வரலாம் எல்லோ?"

அந்த ஞாயிறு சாவியைக் கேட்கத்தான், வழக்கம்போல் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, எமில் வீட்டுக்கு இறங்கினார். எமில் புத்தகமும் கையுமாக இருந்தார். ஐரோப்பாவின் பழைய அரசியல் சண்டைகளில் அவருக்கு அப்படியொரு பித்து.

"உக்காருங்க இராயப்பு. இதுல ரெண்டு கட்சி. ஒருத்தரும் குறுக்க வரலேன்னா நீ சுதந்திரமானவன், அவ்வளவுதான்னு ஒரு கட்சி. பின்னால லிபரல்னு பேர் வாங்கினது அவங்கதான். குடியரசுக்காரங்க ஒத்துக்கல. எஜமான் எவ்வளவு நல்லவனா இருந்தாலும், அவன் தயவுல வாழ்றவன் அடிமைதான்னு சொன்னாங்க. எது சரி?"

இராயப்பு எமிலின் முகத்தைப் பார்த்தார்.

"முதலாவது, முசியே."

எமிலின் புருவம் சற்றே உயர்ந்தது.

"இல்லை, ரெண்டாவது."

"என் மூஞ்சியப் பாக்காதீங்க. நீங்க என்னா நினைக்கிறீங்க?"

"நீங்கள் சொல்லுறதுதான், முசியே."

எமில் சிரிக்க வாய் திறந்தார். அதற்குள் இராயப்பு சிரித்துவிட்டார். எமிலுக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. இராயப்புவின் மடியிலிருந்த சப்பாத்துகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வளையத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத நீங்களே வெச்சுக்குங்க."

எமில் கோபத்தில்தான் தருகிறார் என்று இராயப்பு நினைத்தார். எதில் பிழைவிட்டோம்? மேலே பியட்றிஸ் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"கோவியாதேங்கோ முசியே. அது உங்களிட்டையே இருக்கட்டும்" என்று, சாவியை ஒரு விரலால் எமில் பக்கம் தள்ளினார்.