சம்பந்திக்கு ஒரு லாரி

குப்பை லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மட்கார்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பல்செட்காரர். லாரி டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்க்கிறான்.

“என்ன சார், ஏதாச்சும் விழுந்திடுச்சா?”

“ஒண்ணும் விழலப்பா. துரு பாக்கறேன்.”

“துருவா? அள்ளிக்கிட்டுப் போங்க சார், எனக்கும் பாரம் குறையும்.”

அவர் கோபித்துக்கொள்வதில்லை. “இந்த போல்ட்டுக்குக் கீழ பாரு. மேல கருப்பு, நடுவுல காவி, ஓரத்துல ஆரஞ்சு. ஆரஞ்சுதான் புதுத் துரு. மத்ததெல்லாம் பழசு” என்று பாடம் நடத்திவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எழுந்து போவார். முழங்கால் சொடுக்கும். லாரிக்காரன் தன் வண்டியை முதல்முறையாகப் பார்ப்பவன்போல அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

பல் மருத்துவமனைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பல்செட் செய்வது அவர் தொழில். அதை யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. செய்து முடித்த பல்லை அப்படியே அனுப்பமாட்டார். ஈறோரத்தில் மெல்லிய பழுப்பு ஒரு கோடு, கடைவாய்ப் பல்லில் தேநீர்க் கறை, முன்பல்லில் மயிரிழை அளவு ஒரு விரிசல் என்று வண்ணம் தீட்டித்தான் அனுப்புவார். “என்னங்க, காசு குடுத்து மஞ்சப் பல்லா?” என்று சண்டைக்கு வருபவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: “போட்டுக்கிட்டுக் கண்ணாடியப் பாருங்க.” பார்த்தவர்கள் சத்தம் போடாமல் போய்விடுவார்கள். உழைத்த பொருள் என்றால் உழைத்தது முகத்தில் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியின் தலைமையகம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரி. உள்ளே ராணுவ டாங்கிகள், ஜீப்புகள், லாரிகள். எல்லாம் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. துண்டு துண்டாகப் பெட்டியில் வருவதை ஒட்டி, பச்சை அடித்து, அதன்பிறகுதான் அவர் உண்மையான வேலை ஆரம்பமாகும். பஞ்சைக் கிள்ளி பெயிண்டில் தொட்டு ஒற்றினால் கதவோரத்தில் பெயிண்ட் உதிர்ந்த தழும்பு வரும். பழைய டூத் பிரஷ்ஷை விரலால் சுண்டினால் சேறு தெறிக்கும். டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் மாவைக் குழைத்து, சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள பலகைமேல் பூசி, டயர்த் தடம் பதிப்பார். காய்ந்த டீத்தூள் உதிர்ந்த இலையாகும். பெயிண்டைச் சீவல் சீவலாக உரிக்க ஹேர் ஸ்ப்ரே வேண்டும். “என் தலைக்கு அடிச்சதைவிட உங்க டாங்கிக்கு அடிச்சதுதான் ஜாஸ்தி” என்பார் மனைவி.

இவ்வளவு ஆசையாகச் செய்கிறவர் இதை யாரிடமும் சொல்வதில்லை. பொம்மைக் கடையில் பெட்டி வாங்கும்போது, “அக்கா பையனுக்கு” என்பார். அந்த அக்கா பையனுக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது. கடைக்காரர் இன்னும் “தம்பி எத்தனாவது படிக்கிறாப்ல?” என்று கேட்கிறார். இவரும் தலையைக் குனிந்தபடி ஏதோ ஒரு வகுப்பைச் சொல்லிவிட்டு வருகிறார். அலமாரிக்கு ஒரு திரை உண்டு. அழைப்பு மணி அடித்தால் முதலில் திரையை இழுத்துவிட்டு, பிறகுதான் கதவைத் திறப்பார். பேரன் எடுக்கும் வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால்?

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, திரை போதாதென்று அதன் முன்னால் இஸ்திரி மேசையையும் மனைவி இழுத்துப் போட்டார். மகளுக்குத் திருமணமாகி முதல் தடவை விருந்துக்கு வந்த சம்பந்திதான், கை துடைக்கத் துணி தேடிப்போய் அந்தத் திரையை இழுத்தவர். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பல்செட்காரருக்குக் காது வரை சூடேறியது. “அது வந்து சம்பந்தி... சும்மா, பொழுதுபோக்கு...”

“அடேயப்பா! இது நம்ம ஜீப்பு! கியர் ராடு வளைஞ்சிருக்கறதுகூட அப்படியே இருக்கே சம்பந்தி!”

சம்பந்தி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். சாதாரண லாரி இல்லை, பழுதாகி நின்ற வண்டிகளைக் கொக்கி போட்டுத் தூக்கி இழுத்துவரும் கிரேன் லாரி. அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் “எங்க சம்பந்தி டாங்கி கட்டறவரு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பல்செட்காரர் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டார். மறுபடி மாட்டவில்லை.

அதற்குக் கைம்மாறாகத்தான் அந்த லாரியைச் செய்ய ஆரம்பித்தார். சம்பந்தியுடைய பழைய யூனிட்காரர்கள் அவர் வீட்டில் கூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. அந்த நாளுக்குள் முடிக்கவேண்டும். மாமனாருக்குத் தெரியாமல் மகள் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். லாரி, அதன் பக்கத்தில் இளவயதுச் சம்பந்தி. நம்பர் பலகை, கொக்கி, படிக்கட்டு எல்லாம் தெளிவாக இருந்தன. ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. லாரி பளிச்சென்று இருந்தது.

“போட்டோவுக்காகக் கழுவியிருப்பாங்க” என்றார்.

“இல்லப்பா. வண்டி எப்பவும் இப்படித்தான் இருக்குமாம். மாமா அடிக்கடி சொல்வாரு.”

“எல்லா டிரைவரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. நீ என்கிட்ட விடு.”

மழைக்காலம் முழுவதும் அந்த லாரியோடுதான் கழிந்தது. அவர் கையிலிருந்து அதுவரை அப்படி ஒரு துரு வந்ததில்லை. கதவுக் கீலிலிருந்து அழுது வடிந்தது. முன்கண்ணாடியில் துடைப்பான் போய்வந்த அரைவட்டம் தவிர மற்றதெல்லாம் புழுதி. டீசல் மூடியைச் சுற்றி எண்ணெய் வழிந்த கறை. அச்சு வரை சேற்றில் புதைந்து நிற்கும் லாரி, அதன் பக்கத்தில் சம்பந்தி சாயலில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு டிரைவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. இனிமேல் தொடவேண்டியதில்லை என்று பட்டதும் மேலே வார்னிஷ் அடித்தார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் யூனிட்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தொப்பை, எல்லாருக்கும் உரத்த குரல். சம்பந்தியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. “டேய் பாலிஷு” என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் காதில் விழுந்தும் பல்செட்காரருக்கு உறைக்கவில்லை. லாரியை மேசைமேல் வைத்து, மூடியிருந்த துணியை எடுத்தார்.

கூடம் அமைதியானது. அசந்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

மூலையில் இருந்த பெரிய மீசைக்காரர்தான் முதலில் சிரித்தார். “டேய் பாலிஷு, இது உன் வண்டியாடா? நம்பர் உன்னுதுதான் போட்டிருக்கு!”

“கண்ணாடியப் பாருடா, காக்கா எச்சம் போட்ட மாதிரி!”

“கதவுல துரு! இந்த லட்சணத்துல நிறுத்தியிருந்தா மேஜர் நம்ம தோலை உரிச்சுக் காயப்போட்டிருப்பாரு.”

“அதவிடு. சேத்துல வேற மாட்டிக்கிட்டு நிக்குது. ஊரு வண்டியெல்லாம் இழுத்தவன் வண்டிய யாருடா இழுப்பா?”

மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சர்வீஸ் பூரா பாலிஷு பாலிஷுன்னு பீத்திக்கிட்டியே, உன் சம்பந்திக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு பார்த்தியா!”

சம்பந்தியும் சிரித்தார். ஆனால் எல்லாருக்கும் கொஞ்சம் பின்னால் சிரித்தார். “சும்மா இருங்கடா. சம்பந்தி எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்காரு. எவன் செய்வான் இப்படி?” என்று சொல்லிவிட்டு, லாரியின் நம்பர் பலகை சுவரைப் பார்க்கும்படி அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

பல்செட்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். சொல்லவேண்டியதை அன்றே சொல்லிவிட்டாளே. அவர் சாப்பிடக் கையைக் கழுவினார், ஈரக்கையோடு கொஞ்ச நேரம் நின்றார், சாப்பிடாமலே கிளம்பினார். வழியில், கூடவந்த மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: “அந்த போட்டோவுல நல்லாத்தானேங்க இருந்திச்சு?”

அதன்பிறகு அவருடைய நடமாட்டம் மாறிப்போனது. மகள் போன் செய்தால் மனைவியிடம் நீட்டிவிடுவார். நின்றுகொண்டிருக்கும் லாரியைக் கண்டால் எதிர்ப் பக்கம் கடந்துவிடுவார். பொம்மை செய்ததற்காக இத்தனை காலம் வெட்கப்பட்டவருக்கு இது வேறு மாதிரி இருந்தது. அது அடுத்தவன் என்ன சொல்வானோ என்ற வெட்கம். இது, ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கத் துடைத்துத் துடைத்துச் சேர்த்த பேரில், அவன் வீட்டுக் கூடத்திலேயே, அவன் கூட்டாளிகள் முன்னாலேயே, தன் கையால் சேற்றை அடித்த வெட்கம். கண்ணெதிரில் படம் இருந்தது. படத்தை நம்பாமல் தன் கைத்திறமையை நம்பினார்.

மனைவி ஓயவில்லை. “ஒளிஞ்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு? சம்பந்தி உறவுங்க. போய் மூஞ்சியக் காட்டிட்டு வாங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போனார். மன்னிப்புக் கேட்க நான்கைந்து வாக்கியங்களை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கூடத்து மேசையில் லாரி இல்லை. தூக்கிப் போட்டிருந்தாலும் கேட்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டார். மகள் உள்ளறையைக் காட்டினாள்.

ஜன்னலோர மேசைமுன் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். லாரி, பலகையோடு அவர் எதிரில். துண்டின் நுனியை எச்சில் தொட்டு ஓட்டுநர் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் துண்டைச் சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“வாங்க சம்பந்தி. சும்மா... தூசி படிஞ்சிருந்திச்சு.”

தூசி இல்லை, துருவைத்தான் தேய்த்திருக்கிறார். அது கொஞ்சமும் அசைந்திருக்கவில்லை. சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூடப் பல்செட்காரருக்கு வாயில் வரவில்லை.

“எச்சிலுக்குப் போகாது சம்பந்தி” என்றார். “மேல வார்னிஷ் அடிச்சுத் தொலைச்சிருக்கேன்.”

“நல்லாத்தான் இருக்கு. விடுங்க.”

“நல்லா இல்ல.” லாரியைப் பலகையோடு தன் பக்கம் இழுத்தார். “ஸ்பிரிட் இருக்கா? ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுவாங்களே, அது. கொஞ்சம் பஞ்சும்.”

மகள் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பல்செட்காரர் பஞ்சை நனைத்தார்.

“ஆனா ஒண்ணு, அடியில இருக்கற பச்சையும் சேர்ந்து போயிடும்.”

“போகட்டும்” என்றார் சம்பந்தி. குரலில் முதல்தடவையாக உயிர் வந்திருந்தது. “பச்சை அடிக்க எனக்குத் தெரியாதா?”

பல்செட்காரர் லாரியை இரண்டு கையாலும் பிடித்துச் சேற்றிலிருந்து பெயர்த்தார். ‘டக்’கென்று பலகை விரிசல் விட்டது. டிரைவர் பொம்மை சாய்ந்து விழுந்தது. லாரியை வெறும் மேசைமேல் வைத்து, நனைந்த பஞ்சைச் சம்பந்தி கையில் கொடுத்தார். அவர் கதவில் வைத்து அழுத்தித் தேய்த்தார். காவிநிறம் பஞ்சில் ஏறியது. மழைக்காலத்தின் துரு அது. இரண்டாவது இழுப்பில் சக்கரம் உருண்டு வண்டி நகர்ந்தது.

பல்செட்காரர் குனிந்து, முன்சக்கரத்துக்கு அணைப்பாகத் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டார்.